30 மீட்டருக்குக் கீழே என்ன இருக்கிறது?

2011 மார்ச் 11 அன்று ஜப்பானை உலுக்கிய 9.0 அளவு நிலநடுக்கத்தின் மையத்திலிருந்து ஒசாகா சுமார் 770 கிலோமீட்டர் தூரம். அங்கே தரையில் நின்றவர்களுக்கு லேசான ஆட்டம்தான். ஆனால் கடலோரத்தில் நிற்கும் 55 மாடி சகிஷிமா அரசுக் கட்டடத்தின் உச்சி, ஒரு பக்கத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் சாய்ந்து சாய்ந்து, பத்து நிமிடம் போல ஆடியது. கூரைத் தகடுகள் விழுந்தன, லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள்.

காரணம் அடியில் இருக்கும் வண்டல். பாறைக் கிண்ணம் ஒன்றில் நிரம்பிய மண்ணின் மேல்தான் ஒசாகா இருக்கிறது, அதன் ஆழம் பல இடங்களில் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். பாறையில் விரைந்து வரும் அலை வண்டலுக்குள் நுழைந்ததும் வேகம் குறையும், அதே ஆற்றலைக் கடத்த வேண்டுமென்றால் வீச்சு பெருகியாக வேண்டும். அப்புறம் கிண்ணத்தின் விளிம்பில் புதிதாக மேற்பரப்பு அலைகள் கிளம்பி, எளிதில் வெளியேற முடியாமல் உள்ளேயே அங்கும் இங்கும் மோதும். குடத்தை இடுப்பில் வைத்து நடந்து சட்டென்று நின்றால் தண்ணீர் கொஞ்ச நேரம் தளும்பும் இல்லையா, அதேதான். அந்தத் தளும்பலுக்கு ஒரு தாளம் உண்டு, அதாவது ஒரு முறை ஆடித் திரும்ப ஆகும் நேரம்: வண்டலின் ஆழத்தை நான்கால் பெருக்கி, அலையின் வேகத்தால் வகுத்தால் தோராயமாகக் கிடைத்துவிடும். சகிஷிமாவில் அது 6 நொடிக்கு மேல். கட்டடத்தின் சொந்த ஆட்டமும் கிட்டத்தட்ட அதே அளவு, இரண்டும் ஒத்துப்போனதால்தான் ஆட்டம் அவ்வளவு பெருகியது.

சரி, இதை முன்கூட்டியே கணிக்க முடியாதா? கட்டட விதிகள் வழக்கமாக மேல் 30 மீட்டரில் குறுக்கலை (தான் போகும் திசைக்குக் குறுக்கே மண்ணை ஆட்டும் அலை) எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்து மண்ணை வகைப்படுத்தும். நொடிக்கு 500 மீட்டர் போகும் 6 நொடி அலையின் நீளமோ 3 கிலோமீட்டர்! அதற்கு 30 மீட்டர் எம்மாத்திரம்? அதனால்தான் குறுக்கலை நொடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் ஆழம், நொடிக்கு 2.5 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் ஆழம் என்பவற்றையும் இப்போது நில ஆட்டத்தைக் கணிக்கும் சூத்திரங்களில் சேர்க்கிறார்கள். அவ்வளவு ஆழத்துக்குத் துளை போட ஏகப்பட்ட செலவாகும். அதனால் கடலலையும் வண்டிகளும் ஓயாமல் எழுப்பும் நுண்ணதிர்வுகளைப் பல இடங்களில் பதிவுசெய்து, அவற்றை ஒப்பிட்டு வேகத்தையும் ஆழத்தையும் பிடிக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, நிலநடுக்கம் வரும்வரை காத்திருக்கவே வேண்டாம்.

ஆனாலும் ஆழம் மட்டும் கிண்ணத்தின் வடிவத்தைச் சொல்லாது. அதற்குப் படுகையை முப்பரிமாணக் கட்டங்களாகப் பிரித்து, கணினியில் அலையை ஓடவிட வேண்டும். கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் கணக்கு 16 மடங்காகும், ஏனென்றால் மூன்று திசைகளோடு நேரத்தையும் பாதிப் பாதியாக நறுக்க வேண்டும். வேகமான ஆட்டத்தின் அலைகள் நீளம் குறைந்தவை, அவற்றுக்குக் கட்டம் மிகச் சிறிதாக வேண்டும், ஆகவே மெதுவான ஆட்டங்களுக்குத்தான் இந்த வழி நன்றாகக் கைகொடுக்கிறது.

மெதுவான ஆட்டம் யாரைத் தாக்கும் என்பதை 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் வந்த நிலநடுக்கத்தின்போது காத்மண்டுவில் பார்த்தோம். பழைய ஏரி வண்டல் மேல் இருக்கும் அந்த ஊர் 4, 5 நொடித் தாளத்தில் ஆடியது. அரை நொடிக்கும் குறைவாக ஆடும் குட்டை வீடுகள் பல தப்பின, பத்து மாடிக்கு மேற்பட்ட குடியிருப்புகளில் செங்கல் சுவர்கள் பாளம் பாளமாக வெடித்திருந்தன.