பின் நம்பருக்கு மாமா பெயர் வேண்டாம்

ஏ.டி.எம். பின் நம்பரை யாரோ ஒரு மாமாவின் போன் எண்ணுக்குள் ஒளித்துவைப்பவர்கள் நிறைய பேர். கான்டாக்ட் அனுமதி வாங்கிய எந்தச் செயலியும் அந்தப் பட்டியலை முழுதாகப் படித்துவிடும். உடனடிக் கடன் செயலிகள் அதை வைத்தே ஆட்களை மிரட்டின. கடன் செயலிகள் கான்டாக்டைத் தொடக்கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி சொல்ல வேண்டியிருந்தது. பாஸ்புக்கைப் போட்டோ எடுத்து வைப்பதும் ஆபத்துதான். பேக்கப் ஓடும் போனில் அந்தப் படம் தானாகவே கூகுள் போட்டோஸுக்கு ஏறிவிடும். போனில் மட்டும்தான் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

பின் நம்பரை மனப்பாடம் செய்துவிடுங்கள். மற்ற கடவுச்சொற்களுக்கும் தனிக் குறிப்புகளுக்கும் பூட்டிய ஒரே கோப்பு போதும். அந்தக் கோப்பை உருவாக்கித் திறக்கும் செயலிகள்: கணினியில் கீபாஸ்எக்ஸ்சி, ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ். இரண்டும் இலவசம், ஒரே கோப்பை இரண்டிலும் திறக்கலாம். லாக்கர் விவரம், பாலிசி எண் எல்லாவற்றையும் அதன் குறிப்புப் பகுதியில் எழுதலாம்.

அந்தக் கோப்பைத் திறக்கும் தலைமைக் கடவுச்சொல்லில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். குறள், பாட்டு வரி, பிள்ளை பெயரோடு பிறந்த ஆண்டு எதுவும் வேண்டாம். ஊரறிந்த வரிகளைத்தான் உடைப்பவர்கள் முதலில் போட்டுப் பார்ப்பார்கள். இணைய உரிமைகளுக்காக இயங்கும் இ.எஃப்.எஃப். அமைப்பு கடவுச்சொல்லுக்கென்றே 2016இல் வெளியிட்ட பட்டியலில் 7,776 ஆங்கிலச் சொற்கள் உண்டு. பகடையை ஐந்து முறை உருட்டினால் ஐந்து இலக்க எண் வரும், அதற்கு நேரே ஒரு சொல் இருக்கும். அப்படி ஆறு சொற்கள் எடுங்கள், அவை சேர்ந்ததே தலைமைக் கடவுச்சொல். லூடோ பகடையே போதும். தாயக்கட்டை ஆகாது, அதற்கு நான்கு முகம்தான். வந்த சொல் பிடிக்கவில்லை என்று மாற்றவே கூடாது. மாற்றினால் தேர்வு பகடையுடையதாக இருக்காது, உங்களுடையதாகிவிடும்.

இந்த ஆறு சொற்களை மறந்தால் மீட்டுத்தர ஆளே கிடையாது. அதனால் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். தாளில் எழுதவே கூடாது என்ற பழைய அறிவுரை இங்கே பொருந்தாது. பீரோவுக்குள் இருக்கும் தாளை இணையத்திருடன் எட்ட முடியாது. கோப்பின் நகல் ஒன்று பென்டிரைவில் இருக்கட்டும். நகல் எடுத்த அன்றே வேறொரு கருவியில் திறந்து பாருங்கள்.

பலர் கவனிக்காத சிக்கல் இன்னொன்று. கோப்பு கூகுள் டிரைவில் இருக்கிறது, கூகுளின் கடவுச்சொல்லோ அந்தக் கோப்புக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போன் தொலைந்தால் ஓ.டி.பி.யும் வராது, இரண்டுமே திறக்காது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கியிருந்தால், கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் கூகுள் எட்டு இலக்கத்தில் பத்து பேக்கப் குறியீடுகள் தரும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அவற்றையும் கூகுள் கடவுச்சொல்லையும் அதே உறைக்குள் வைத்துவிடுங்கள். பயன்படுத்திய குறியீட்டை உடனே அடித்துவிடுங்கள்.