பனைக்கும் பனைக்கும் இடையில் ஒரு வயர்

சாவகச்சேரியிலிருந்து உயர்தர மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "6வி6 வால்வு போட்ட பழைய மோர்ஸ் ரான்ஸ்மிட்டர் ஒன்று கிடைத்திருக்கிறது. ஐந்து வாட்தான். வளவிலுள்ள இரண்டு பனைகளுக்கு நடுவே வெறும் செப்பு வயரைக் கட்டினால் கொழும்புக்குக் கேட்குமா?"

கேட்கும், தம்பி. சென்னைக்கும் கேட்கும்.

ரான்ஸ்மிட்டர் அனுப்பும் அலைவெண் 7.03 மெகாஹேர்ட்ஸ் என்று வைப்போம்; அலைநீளம் ஏறக்குறைய 42.7 மீற்றர். அதில் பாதி, நுனி விளைவுக்காக (வயர் உள்ளதைவிடச் சற்று நீளம்போல நடந்துகொள்ளும்) 5 சதவீதம் கழிய, 20.3 மீற்றர். வயரை நடுவில் வெட்டி, அந்த இடைவெளியில் சக்தியை ஊட்டினால் டைபோல் தயார்.

ஏன் சரியாகப் பாதி? நடுவிலிருந்து புறப்படும் மின்னோட்ட அலை 10 மீற்றர் ஓடி நுனிக்கு வருகிறது. அதற்கப்பால் செம்பு இல்லை. நுனியில் ஓட்டம் சுழியமாக இருந்தே ஆகவேண்டும். அதனால் அலை தலைகீழாகித் திரும்புகிறது. கிணற்றுக் கயிற்றின் ஒரு முனையை மரத்தில் இறுகக் கட்டிவிட்டு மறுமுனையை மேல்நோக்கி உதறிப் பாருங்கள்: மேலே எழும்பிப் போன வளைவு கீழ்ப்பக்கமாகத் திரும்பி வரும். வயரிலும் அதேதான். போக 10 மீற்றர், வர 10 மீற்றர்; செக்கனில் ஏறக்குறைய 1 கோடியே 40 இலட்சத்தில் ஒரு பங்கு நேரம். சரியாக அரைச் சுற்று. அதற்குள் ரான்ஸ்மிட்டரின் தள்ளலும் திசை மாறியிருக்கும்! தலைகீழாக வந்த அலையும் தலைகீழான தள்ளலும் இப்போது ஒரே பக்கம். இப்படிச் சேர்ந்து சேர்ந்து, வெளியே வீசப்படும் சக்தி ஊட்டப்படும் சக்திக்கு ஈடாகும்வரை ஓட்டம் வளர்கிறது. அந்த நிலையில் நடுவில் தெரியும் தடை சுமார் 73 ஓம். உயரத்தைப் பொறுத்துச் சற்று மாறும். ரிவிக்குப் போடும் 75 ஓம் கேபிளே போதும்.

இதைக் கண்ணாலும் பார்க்கலாம். ஐந்து வாட்டுக்கு, வயரின் நடுவில் ஓடுவது கால் அம்பியர். அங்கே தொடராக ஒரு டோர்ச் பல்பை இணைத்து மோர்ஸ் கீயை அழுத்தினால் எரியும். அதே பல்பை நுனிக்குக் கிட்ட இணைத்தால் எரியாது. அங்கே ஓட்டம் இல்லை. மின்னழுத்தம் நூறு வோல்ட்டைத் தாண்டி நிற்கிறது. டெஸ்டருக்குள் இருக்கும் நியோன் குமிழின் ஒரு காலை நுனியில் சுற்றிவிட்டால் செம்மஞ்சளாக மினுங்கும். பௌதிகவியலில் இதைவிட அழகான செய்முறை எனக்குத் தெரியாது. அவ்வளவு மின்னழுத்தம் இருப்பதால் நுனியில் கை வைக்காதீர்கள், காவோலை உரச விடாதீர்கள், நைலோன் கயிற்றால் கட்டுங்கள்.

பழைய வால்வுப் பெட்டிகளுக்கு ஒரு பெருந்தன்மை உண்டு. அன்ரெனா சற்றுப் பொருந்தாவிட்டாலும், ஒரு சுருளும் இரண்டு மாறும் கொள்ளளவிகளும் கொண்ட வெளியீட்டுச் சுற்று அதைச் சரிக்கட்டும். முதல் கொள்ளளவியைத் திருகும்போது, வால்வின் பிளேட் (வெளியீட்டுத் தகடு) மின்னோட்டத்தைக் காட்டும் முள் சட்டென்று விழும் இடம்தான் இசைவு. உள்ளே 300 வோல்ட் வரை இருக்கும், கவனம்.

ஐந்து வாட் போதுமா? 100 வாட்டுக்கும் ஐந்து வாட்டுக்கும் வித்தியாசம் 13 டெசிபெல். கேட்பவரின் ரிசீவரில் சமிக்ஞைப் பலத்தைக் காட்டும் மானியில் இரண்டு புள்ளிகளுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. 10 மீற்றர் உயரத்தில் கட்டிய வயர் பெரும்பங்கை வானை நோக்கியே அனுப்பும். அது குறையல்ல. நாம் காந்த நடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால், பெரும்பாலான பகல்களில் அயன மண்டலத்தின் (மேல் வளிமண்டலத்தில் மின்னேற்றமடைந்த பகுதி) மேல்படையான எஃப் படை அதை நேராகவே கீழே திருப்பிவிடும். 300 கிலோமீற்றரிலுள்ள கொழும்பும் 400க்குள் இருக்கும் சென்னையும் அந்தக் குடைக்குள் அடங்கும்.

2019 டிசம்பர் 26இல் கங்கண சூரிய கிரகணம் யாழ்ப்பாணத்தின் மேலாகப் போனது. நிழல் விழும்போது, இந்த அலைகளை விழுங்கும் கீழ்ப் படையான டி படை மெலியும், சமிக்ஞைகள் பலக்கும். அதைக் காதால் கேட்டு எழுதிவைக்க ஒரு ரிசீவரும் 20 மீற்றர் வயரும் போதும். ஆனால் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளைக் கதவடைத்து உள்ளே வைத்திருந்தார்கள். கிரகணப் பயத்தை மேடைப் பேச்சு போக்காது. ஒவ்வொரு பாடசாலை ஆய்வுகூடத்துக்கும் ஒரு ரிசீவர் வாங்க அரசு காசு ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒலிபரப்ப முன்னர், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சை எழுதி அனுமதியும் 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறியும் பெறுங்கள். வயரை முதலில் 20.8 மீற்றராக வெட்டி, இருபுறமும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வாருங்கள். ஐப்பசி மாலைகளில் இடி முழங்க முன்பே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.