பந்தயம் முடிந்ததும் வரும் இருமல்

கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கு வீரர் யார் வந்தாலும், “பந்தயம் முடிந்ததும் இருமல் வருகிறதா?” என்று கேட்காமல் நான் அனுப்புவதில்லை. “அது எல்லாருக்கும் வருவதுதானே டாக்டர்” என்பார்கள். எல்லாருக்கும் வருகிறது என்பதற்காகக் கண்டுகொள்ளாமல் விட முடியுமா?

கை, கால், முதுகு எல்லாம் சேர்ந்து உழைக்கும் விளையாட்டு இது. உச்ச வேகத்தில் தேர்ந்த ஆண் வீரர்கள் நிமிடத்துக்கு 200 லிட்டர் வரைகூடக் காற்றை இழுப்பதுண்டு. மூக்கு ஈடுகொடுக்காது, வாயால்தான் இழுத்தாக வேண்டும். மைனஸ் 15 டிகிரிக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2 கிராம் ஈரம்கூட இருக்காது. நுரையீரலைச் சேரும்போதோ 44 கிராம் இருக்க வேண்டும். பாக்கியை மூச்சுக்குழாயின் உட்சுவர்தான் கொடுக்கிறது. அது உலர உலர உப்புச் செறிவு கூடும், ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருள்கள் சுரக்கும், குழாயைச் சுற்றிய தசை இறுகும். வருடக்கணக்கில் இப்படியே போனால் உட்சுவரே புண்பட்டுவிடும்.

இரு ஊன்றுகோல்களையும் ஒன்றாக ஊன்றித் தள்ளும் டபுள் போலிங்கில் கோலை அழுத்தி உடல் மடங்கும்போது மூச்சு வெளியேறுகிறது, நிமிரும்போது உள்ளே வருகிறது. மூச்சுக்குழாய் இறுகினால் இந்தத் தாளமும் குலையும். அதனால் ‘டெக்னிக் கெட்டுவிட்டது’ என்று கோச் குறைப்படும் ஆளுக்கும் நான் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதவைத்து மூச்சை அளக்கும் சோதனை) செய்துவிடுவேன்.

ஓடி முடித்து 5 முதல் 15 நிமிடத்துக்குள் நெஞ்சு இறுகி, மூச்சை விடும்போது விசில் சத்தம் வந்தால் மூச்சுக்குழாயைச் சந்தேகிக்கலாம். ஏற்றத்தில் முழு வேகத்தில் போகும்போதே, மூச்சை இழுக்கையில் தொண்டையில் சத்தம் கேட்டு, நின்ற சில நிமிடங்களில் சரியாகிவிட்டால் அது பெரும்பாலும் குரல்வளை குறுகுவதுதான். அதற்கு இன்ஹேலர் பயன்படாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு இன்ஹேலரை வீணாக அடிப்பவர்கள் நிறைய. உழைப்புக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்த்து, முதல் விநாடியில் வெளிவரும் காற்று 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால்தான் மூச்சுக்குழாய் இறுக்கம் என்று நாங்கள் எழுதுவோம்.

அப்புறம் ஊக்கமருந்து விதி. மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்புடமால் மருந்துக்கு வரம்பு உண்டு: இன்ஹேலர் வழியாக 24 மணி நேரத்துக்கு 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600 தான். நார்வேயின் பனிச்சறுக்கு வீரர் மார்ட்டின் யோன்ஸ்ருட் சுன்ட்பி, அணி மருத்துவர் சொன்னபடி அதை நெபுலைசரில் (மருந்தைப் புகைபோலாக்கி இழுக்கவைக்கும் கருவி) எடுத்தார்; அளவு வரம்பைத் தாண்டிவிட்டது. அப்படியும் 2016-இல் 2 மாதத் தடை வந்தது, 2015 டூர் டி ஸ்கீ என்ற பல கட்டப் பந்தயத் தொடரின் பட்டமும் போனது. நெபுலைசர் பக்கம் போகும் முன் விதியை நீங்களே படித்துவிடுங்கள்.

பந்தயத்துக்கு முன் விட்டுவிட்டுச் சில வேகமான ஓட்டங்களோடு வார்ம்-அப் செய்தால் பலருக்கு இறுக்கம் குறைகிறது. பயிற்சியில் வெளிமூச்சின் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் மாஸ்க் அணியலாம். தடத்தின் மிகக் குளிர்ந்த இடத்தில் மைனஸ் 20-க்குக் கீழே போனால் சர்வதேச விதிப்படி போட்டியைத் தள்ளிவைப்பார்கள் அல்லது ரத்து செய்வார்கள். பயிற்சி நாளில் அப்படித் தடுக்க நடுவர் குழு இருக்காது; தெர்மாமீட்டரைப் பார்க்க வேண்டியது கோச்தான்.