ஆடிக்காற்றுக்கு முன் ஒரு கேட்டமரான் பயணம்

ஆற்றில் தண்ணீர் வந்ததும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முதலில் தேடிப் போவது தார் வெட்டிய வாழைமரங்களைத்தான். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தால், மயிலாடுதுறைப் பக்கம் தண்ணீர் எட்டிப் பார்ப்பதற்குள் கொல்லையில் மரங்கள் தயாராக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒற்றை மரத்தில் ஏறி உட்கார்ந்தால் அது உருண்டு ஆளைத் தண்ணீரில் தள்ளிவிடும். இரண்டை ஒட்டிக் கட்டினால் கொஞ்சம் தேவலாம். இந்த முறை என் தங்கை மகன் வேறு மாதிரி செய்தான். இரண்டு மரங்களுக்கும் நடுவே மூன்று முழம் இடைவெளி விட்டு, குறுக்கே மூங்கில் கழிகளைச் செருகி, வாழை நாரால் இறுக்கினான். ஒரு பக்க மரத்தின் மேலேயே எழுந்து நின்றான். மற்ற மரம் லேசாக எழும்பியது, அவ்வளவுதான்.

"மாமா, இது சாயவே மாட்டேங்குது!"

அன்றைக்கு அவன் கட்டியது ஒரு கேட்டமரான்: இரண்டு உடல்களை இடைவெளி விட்டு இணைத்த படகு. தங்கை குடும்பமும் நாங்களுமாகச் சேர்ந்து இந்தியப் பெருங்கடலில் இருக்கும் சேஷெல்ஸ் தீவுகளில் ஒரு வாரம் கேட்டமரான் படகில் சுற்றலாம் என்று பேசிக்கொண்டிருந்த நேரம் அது. எந்த மாதம் போவது, எவ்வளவு சாமான் எடுப்பது, எந்தக் காற்றில் பாயைச் சுருக்குவது என்று எல்லாக் கேள்விகளுக்கும் அந்த மூன்று முழ இடைவெளியிலிருந்துதான் பதில் தொடங்குகிறது.

பெயர் நம்முடையது. சோழமண்டலக் கரையில் கட்டுமரத்தைப் பார்த்த ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர், 1697இல் வெளியான தன் பயண நூலில் அந்தச் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆனால் கட்டுமரத்துக்கு இரண்டு உடல்கள் கிடையாது. மரங்களை நெருக்கமாக வைத்துக் கயிற்றால் கட்டிய மிதவை அது. இரண்டு உடல்களைத் தள்ளி வைத்து இணைக்கும் அறிவு பசிபிக் தீவு மக்களுடையது. நம் பெயர் அவர்கள் படகின் மேல் ஒட்டிக்கொண்டது. 1876இல் நதானியல் ஹெரஷாஃப் கட்டிய 'அமரில்லிஸ்' என்ற இரட்டை உடல் படகு நியூயார்க் பந்தயத்தில் மற்ற படகுகளைப் பின்னுக்குத் தள்ளியது. அதன் பிறகு அந்த வகைப் படகுகளையே பந்தயத்தில் சேர்க்காமல் ஒதுக்கினார்கள்.

சரி, அது ஏன் சாய்வதில்லை? படகைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளும்போது இரண்டு விசைகள் மல்லுக்கட்டுகின்றன. படகின் எடை கீழே இழுக்கிறது. தண்ணீர் மேலே தூக்குகிறது. இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் நிமிர்த்தும் வலு இல்லை. தண்ணீர் தூக்கும் இடம் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் நகர்கிறதோ, அவ்வளவு நெம்புகோல் நீளம் கிடைக்கும். ஒற்றை உடல் பாய்ப்படகில் இது ஒரு மீட்டரைத் தொடுவதே அரிது. அதனால்தான் அடியில் ஈயத்தையோ இரும்பையோ கட்டித் தொங்கவிடுகிறார்கள். கேட்டமரானில் காற்று வரும் பக்கத்து உடல் தண்ணீரை விட்டு எழும் தருணத்தில் முழு எடையையும் மற்ற உடல் ஒன்றே தாங்கும். 40 அடிப் படகு, எடை 10 டன், இரண்டு உடல்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நெம்புகோல் நீளம் அதில் பாதி, 2.5 மீட்டர். ஈயம் இல்லாமலேயே 25 டன்-மீட்டர் (எடையை நெம்புகோல் நீளத்தால் பெருக்கியது) நிமிர்த்தும் வலு கிடைக்கிறது.

இந்த வலு ஏறக்குறைய 10 பாகை சாய்வுக்குள்ளேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. உடல் தண்ணீரை விட்டு மேலே வந்தபின் குறைந்துகொண்டே போகும். ஒற்றை உடல் படகு 30 பாகை சாய்ந்தாலும் அடியில் உள்ள ஈயம் அதை மெல்லத் திரும்ப இழுக்கும். கேட்டமரானுக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு இல்லை. தலைகீழாகிவிட்டால் நேராக மிதந்ததைப் போலவே உறுதியாகக் கவிழ்ந்தபடி மிதக்கும்.

தரங்கம்பாடிக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். சின்ன வயதில் கட்டுமரத்தில் போனவர், இப்போது அவர் வீட்டில் ஃபைபர் படகுதான். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க அப்படி மாறிவிட்டது. அவர் சொன்னார்: "மரம் கவுந்தா என்ன தம்பி? அந்தப் பக்கமும் மரந்தானே. ஏறி உக்காந்து துடுப்பப் போட வேண்டியதுதான்." கட்டுமரத்தின் மொத்தப் பாதுகாப்பும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அது தண்ணீரை வெளியே நிறுத்தி மிதப்பதல்ல. மரமே தண்ணீரைவிட லேசானது. அலை மேலே ஏறினால் இடுக்கு வழியாக வழிந்துவிடும், இறைக்க வேண்டிய வேலையே இல்லை. அறையும் சமையலறையும் உள்ள நம் வாடகைப் படகு கவிழ்ந்தால் அதை நிமிர்த்த நம்மால் ஆகாது.

சாதாரண விடுமுறைப் பயணத்தில் இது நடப்பது மிக அரிது, பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒற்றை உடல் படகில் காற்று கூடினால் மேசையில் இருக்கும் டீ கிளாஸ் நகர ஆரம்பிக்கும், நிற்பவர் கம்பியைப் பிடிப்பார். படகே எச்சரிக்கிறது. கேட்டமரானில் கிளாஸ் வைத்த இடத்திலேயே இருக்கும். பாயின் மேல் விழும் விசையோ காற்று வேகத்தின் வர்க்கமாகக் கூடும். மணிக்கு 12 கடல்மைலில் அடித்த காற்று 24 ஆனால் விசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. அதனால் இந்தப் படகில் உடம்பை நம்பக் கூடாது, காற்றுமானியின் எண்ணைத்தான் நம்ப வேண்டும். வாடகைப் படகுகளில் பெரும்பாலும் காற்று மணிக்கு 20 கடல்மைலை ஒட்டியதுமே பாயைச் சுருக்கச் சொல்வார்கள். சொன்ன எண்ணுக்கு முன்பே சுருக்கிவிடுவது என் கட்சி.

காற்றோடு ஓடும்போது இன்னொரு மாயம் உண்டு. 20 கடல்மைல் காற்றில் படகு 8இல் ஓடினால், மேல்தளத்தில் உணர்வது வெறும் 12தான். இதமாக இருக்கும். அதே படகைக் காற்றுக்கு எதிர்ப்புறம் திருப்பினால் படகின் வேகமும் சேர்ந்து 25ஐத் தொடும். ஒரு திருப்பத்தில் விசை நான்கு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது.

காற்றுக்கு எதிராகப் பாய்ப்படகு எப்படிப் போகிறது என்று தங்கை கேட்டாள். பலாக்கொட்டையை உரித்து இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள், முன்னால் வழுக்கிப் பாயும். ஒரு விரல் பாயில் படும் காற்று, இன்னொரு விரல், படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் அடிப்பலகையைத் தடுக்கும் தண்ணீர். பிதுங்கி முன்னே போவது படகு. ஆனால் நேர் எதிரே போக முடியாது. சுற்றுலாக் கேட்டமரானின் அடிப்பலகை குட்டை என்பதால் காற்றுத் திசையிலிருந்து 50, 55 பாகை விலகி, வளைந்து வளைந்துதான் போக வேண்டும். 45 கிலோமீட்டர் தூரம் 78 ஆகிவிடும். ஒரு வார விடுமுறையில் அது ஒரு பகல் பொழுது.

சேஷெல்ஸைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே பெரிய காரணம். விமானம் இறங்கும் மாஹே தீவிலிருந்து பிராலன் தீவு ஏறக்குறைய 45 கிலோமீட்டர், வடகிழக்கே. அங்கே மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று, டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குக் காற்று. எந்தப் பருவமானாலும் போகும்போதும் வரும்போதும் காற்று பக்கவாட்டில் அடிக்கும். பாய்ப்படகுக்கு அதைவிட இதமான வாட்டம் கிடையாது.

புயல் பயமும் அங்கே குறைவு. பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்பம் நிலநடுக்கோட்டை ஒட்டி மிகவும் பலவீனம், அதனால் அங்கே புயல் சுழன்று வலுக்க முடிவதில்லை. இந்தத் தீவுகள் தெற்கே 4, 5 பாகையில்தான் இருக்கின்றன. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை ஏறிய இரவைப் பார்த்த எங்களுக்கு இது சின்ன விஷயமல்ல. கரீபியன் தீவுகளுக்குப் போகிறவர்கள் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம் என்பதைப் பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும்.

அந்தத் தென்கிழக்குக் காற்றின் மறுமுனை எங்கள் வாய்க்காலில் இருக்கிறது. அது ஆப்பிரிக்கக் கரையை ஒட்டி நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் வலப்புறம் வளைந்து நம் தென்மேற்குப் பருவக்காற்றாகிறது. குடகு மலையில் மோதிப் பெய்கிறது, காவிரியில் இறங்குகிறது, மேட்டூரை நிரப்புகிறது. என் தங்கை மகனின் வாழைத் தெப்பம் மிதந்தது அந்த வழியில் வந்த தண்ணீரில். ஆடியில் அம்மியும் பறக்கும் என்பார்கள் இங்கே. ஏறக்குறைய அதே ஜூலை, ஆகஸ்டில்தான் சேஷெல்ஸிலும் காற்று உச்சம். அனுபவசாலிகளுக்கு அது கொண்டாட்டம். குழந்தைகளோடு முதல்முறை போகிறவர்களுக்குக் காற்று மாறும் இடைவெளியே நல்லது: ஏப்ரல், மே, இல்லாவிட்டால் அக்டோபர் கடைசி, நவம்பர். நாங்கள் சித்திரையை முடிவு செய்தோம். சில நாள் காற்றே இல்லாமல் எஞ்சினில்தான் ஓட வேண்டியிருக்கும், பரவாயில்லை.

அப்புறம் சாமான். இரண்டு ஒல்லியான உடல்கள் என்பதால் தண்ணீரைக் கிழித்து எளிதாகப் போகிறது, ஆனால் பாரம் ஏற்றினால் சட்டென்று அமிழ்கிறது. இந்த அளவுப் படகில் தண்ணீரைத் தொடும் பரப்பு தோராயமாக 20 சதுர மீட்டர். ஒரு டன் ஏற்றினால் 5 சென்டிமீட்டர் தாழும். எட்டுப் பேர், அவர்கள் பெட்டிகள், குடிதண்ணீர், ஒரு வாரச் சமையல் சாமான் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன் எளிதாக வந்துவிடும். உடல்களை இணைக்கும் தளம் அவ்வளவு தாழ்ந்தால் அலை அடியிலிருந்து மத்தளம் போல் அறையும். அரிசி பத்து கிலோ போதும், மீன் அங்கேயே கிடைக்கும்.

படகோட்டும் சான்று எங்களில் யாருக்கும் இல்லாததால் ஓட்டுநரோடுதான் பேசியிருக்கிறோம். இருந்தாலும் முதல் நாள் திட்டத்தை நாங்களே எழுதிப் பார்த்தோம். காலை எட்டு மணிக்கு மாஹேயில் கிளம்பினால், மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் பகல் பன்னிரண்டுக்குப் பிராலன். அந்த நேரம் முக்கியம். வெயில் தலைக்கு மேல் இருந்தால்தான் தண்ணீருக்குள் பவளப்பார் எங்கே, மணல் எங்கே என்று தெரியும்: கருநீலம் ஆழம், வெளிர்பச்சை மணல், பழுப்பு பவளப்பார். மாலையில் எதிர்வெயில் அடித்தால் எல்லாம் ஒரே வெள்ளித் தகடு. மணலைப் பார்த்து நங்கூரம் போட வேண்டும். படகின் முன்முனையான அணியத்திலிருந்து கடல்தரை 6 மீட்டர் என்றால் சங்கிலி 30 மீட்டராவது விட வேண்டும். நங்கூரம் எடையால் மட்டும் பிடிப்பதல்ல, கலப்பைக் கொழு போலப் படுத்தவாக்கில் இழுத்தால்தான் மண்ணுக்குள் இறங்கும். சங்கிலி குட்டையாக இருந்தால் இழுப்பு மேல்நோக்கிப் போய், கொழுவைப் பிடுங்கிவிடும்.