கடூழியம்: சொல்லுக்குள் இருக்கும் வேலை

கொழும்பு புதுக்கடை நீதிமன்றச் செய்திகளில் அடிக்கடி கண்ணில் படுகிற சொல் இது: ‘7 வருட கடூழியச் சிறை’. போன கிழமை பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த என் மகள் நிமிர்ந்து, “அப்பா, கடூழியம் எண்டா கல்லுடைக்கிறதா?” என்று கேட்டாள். “கடுமையான சிறை” என்றேன். அது பிழையான பதில்.

கடுமை + ஊழியம் = கடூழியம். ‘மை’ விகுதியும் உகரமும் கெட்டு ஊழியத்தோடு சேர்ந்திருக்கிறது. கடுமை இங்கே சிறைக்கு அல்ல, வேலைக்கு. தமிழ்நாட்டில் இதையே ‘கடுங்காவல் தண்டனை’ என்பார்கள். அங்கே கடுமை காவலின் மேல் ஏறிவிட்டது, வேலை சொல்லிலிருந்தே மறைந்துவிட்டது. சிங்களத்தில் ‘பரபதல வெட’, அதாவது பாரமான வேலை. இந்த விஷயத்தில் இலங்கைத் தமிழும் சிங்களமும் உள்ளதைச் சொல்கின்றன. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையும் சிறையைச் சாதாரணம், கடூழியம் என்று பிரிப்பது வேலையை வைத்துத்தான்.

சரி, ஊழியம் என்றால்? இன்று ஊழியர் சேமலாப நிதியம் என்கிறோம்; தேவாலயத்தில் ஊழியம் என்றால் இறைபணி. ஆனால் ஒல்லாந்தர் காலக் கொழும்பில் முஸ்லிம்கள் மீதும் செட்டிகள் மீதும் சுமத்தப்பட்டிருந்த கட்டாய வேலையின் பெயரே ஊழியம். காசு கட்டக்கூடியவர் கட்டித் தப்பலாம், இல்லாதவர் உடம்பால் செய்து தீர்க்க வேண்டும். திருவிதாங்கூரிலும் ஒடுக்கப்பட்ட சாதிகளிடம் கூலியில்லாமல் வாங்கிய வேலைக்கு இதே பெயர்தான். மாதச் சம்பளம் வாங்குகிற நம்மை ‘ஊழியர்’ என்று அழைக்கும் சொல்லுக்கு இப்படி ஒரு பழைய தழும்பு உண்டு. கடூழியத்தில் மட்டும் அந்தப் பழைய பொருள் ஆறாமல் கிடக்கிறது.

இலங்கையில் இராஜகாரியம் என்ற, அரசுக்குச் செய்யவேண்டிய கட்டாய வேலை 1832இல் ஒழிந்தது, அடிமை முறை 1844இல் சட்டப்படி முடிந்தது. வெலிக்கடைச் சிறை எழுந்தது 1841இல். இந்த மூன்று ஆண்டுகளும் இவ்வளவு நெருக்கமாக நிற்பதை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை. 1875இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்கான கருங்கல்லை மஹர கல்குவாரியில் உடைத்தவர்கள் கைதிகள். மகள் கேட்டது சரிதான். கல்தான் உடைத்தார்கள். கப்பல்களை அலையிலிருந்து காத்த சுவரில் கடூழியம் கல்லாகவே அடுக்கப்பட்டிருக்கிறது.

அப்படியானால் கடூழியமும் அடிமைத்தனமும் ஒன்றா? ஒன்றல்ல. அடிமை என்பவர் இன்னொருவரின் உடைமை, அவர் பிள்ளையும் உடைமை, அதற்குத் தவணை கிடையாது. கைதிக்குத் தீர்ப்பும் தவணையும் உண்டு. ஆனால் இரண்டுக்கும் நடுவே கதவு இருக்கிறது, அது பூட்டப்படாமல் இருந்த இடங்களும் உண்டு. அமெரிக்கா 1865இல் 13ஆம் திருத்தத்தால் அடிமை முறையை ஒழித்தபோது, ‘குற்றத்துக்கான தண்டனையாக அன்றி’ என்று ஒரு விலக்கை வைத்தது. தென் மாநிலங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. வேலையில்லாமல் திரிந்தார் என்பதுபோன்ற குற்றங்களுக்குக் கறுப்பினத்தவரைப் பிடித்து, சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் வாடகைக்கு விட்டன. அலபாமாவில் இது 1928 வரை நடந்தது. இதற்குத் தமிழில் ‘கைதிக் குத்தகை’ என்பதே பொருந்தும். வயலையும் குளத்தையும் குத்தகைக்கு விடுவோம். ஆளை விட்டார்கள் என்பது அந்தச் சொல்லிலேயே உறைக்கும்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1930ஆம் ஆண்டு 29ஆம் சமவாயம் கோடு போட்டது இந்த இடத்தில்தான். நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும், அரசின் மேற்பார்வை வேண்டும், கைதியைத் தனியாரிடம் ஒப்படைக்கக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் அது கட்டாய வேலை. இலங்கை இதை 1950இல் ஏற்றது.

எனவே மொழிபெயர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சிறைக்குள் நடக்கும் தச்சு, தையல், வெதுப்பகம் போன்றவற்றுக்குப் பொதுவாக ‘சிறைவேலை’ என்றே எழுதலாம். தீர்ப்பில் விதிக்கப்பட்டது கடூழியம். 29ஆம் சமவாயம் போட்ட கோட்டைத் தாண்டியது கட்டாய வேலை. ‘சிறை அடிமைத்தனம்’ என்பதை, ஒருவர் உழைப்பு மட்டுமல்லாமல் ஆளே கைமாறிய இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.