256-வது முறை

கனடாவின் அணுசக்தி நிறுவனமான ஏ.இ.சி.எல். தயாரித்த தெராக்-25 ஒரு கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம். 1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையே அதில் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது. சிலர் உயிரிழந்தார்கள்.

கதிர்வீச்சுக் கற்றை வரும் பாதையில் ஒரு சுழல்தட்டு உண்டு. எலக்ட்ரான் சிகிச்சை என்றால் கற்றையைப் பரப்பும் காந்தங்கள், எக்ஸ்-ரே என்றால் இலக்குத் தகடும் வடிகட்டியும், நோயாளியைச் சரியாகக் கிடத்துவதற்கு ஒளி காட்டும் கண்ணாடி என எது தேவையோ அதைத் தட்டு சுழன்று பாதைக்குக் கொண்டுவரும். கண்ணாடி நிற்கும்போது கற்றை பாய்ந்தால் அதைப் பரப்ப எதுவுமே இல்லை.

தட்டின் இடத்தைச் சரிபார்க்க வேண்டுமா என்பதை மென்பொருளில் ஒரு பைட் சொன்னது. அதில் பூஜ்யம் இருந்தால் வேண்டாம். வேறு எந்த எண் இருந்தாலும் வேண்டும். ஆயத்தச் சோதனை ஓடும் ஒவ்வொரு தடவையும் அந்த பைட்டில் 1 கூடும். ஒரு பைட்டில் 255-க்கு மேல் கொள்ளாது. ஆகவே 256-வது கூட்டலில் அது பூஜ்யமாகிவிடும், சரிபார்ப்பும் விட்டுப்போகும். சரியாக அந்தக் கணத்தில் இயக்குபவர் பொத்தானை அழுத்தினால், கண்ணாடி நிற்கும்போதே கற்றை தடையின்றிப் பாயும். 1987 ஜனவரியில் அமெரிக்காவின் யாக்கிமாவில் நடந்தது இதுதான். திருத்தமோ மிகச் சிறியது: 1 கூட்டாமல், பூஜ்யமல்லாத ஒரே எண்ணை எப்போதும் எழுதிவைப்பது.

1983-இல் செய்த பாதுகாப்பு ஆய்வு, கணினி தவறான ஆற்றலைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைப் பத்தாயிரம் கோடியில் ஒன்று என்று போட்டிருந்தது. அந்த எண் எப்படி வந்தது என்பதற்கு விளக்கமே இல்லை. தேயும் போல்ட்டுக்கு இப்படிக் கணக்குப் போடலாம். மென்பொருள் தேய்வதில்லை, அதில் பிழை முதல் நாளிலிருந்தே இருக்கிறது, உரிய சூழல் அமைந்தால் கட்டாயம் வெளிப்படும்.

மருத்துவக் கருவி மென்பொருளுக்காக 2006-இல் வந்த ஐ.இ.சி. 62304 என்ற சர்வதேசத் தரநிலை இந்த இடத்தில்தான் கண்டிப்பு காட்டுகிறது. மென்பொருள் தவறினால் ஆபத்து வருமென்றால், அது தவறும் வாய்ப்பை 100 சதவீதம் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. விளைவு மரணமோ கடும் காயமோ என்றால் அது சி வகுப்பு. அந்த வகுப்பில் ஒவ்வொரு மென்பொருள் அலகுக்கும் விரிவான வடிவமைப்பு எழுத வேண்டும். எல்லை மதிப்புகளில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் சரிபார்க்க வேண்டும். அந்த பைட்டுக்கு எல்லை 255.

தனியான வன்பொருள் பூட்டு ஒன்று ஆபத்தைத் தடுத்தால் கண்டிப்பு குறைந்த பி வகுப்புக்கு இறங்கலாம் என்றும் அந்தத் தரநிலை அனுமதித்தது. இது வெறும் சலுகை இல்லை. முந்தைய மாடலான தெராக்-20-இல் அப்படிப்பட்ட மின்சுற்றுப் பூட்டுகள் இருந்தன; தெராக்-25-இல் அவற்றை நீக்கி, பொறுப்பை மென்பொருளிடம் விட்டார்கள். தெராக்-25-இல் உயிரைப் பறித்த இன்னொரு பிழை தெராக்-20-இலும் இருந்தது பின்னர் தெரியவந்தது. அங்கே ஃபியூஸ் மட்டும் எரிந்துபோனது.