கன்று தின்பதில் பாதி எங்கே போகிறது?

200 கிலோ எடையுள்ள ஒரு கன்று நாள் முழுக்கச் சும்மாவே படுத்துக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இதயம் துடிக்க வேண்டும், மூச்சு ஓட வேண்டும், உடம்புச் சூடு இறங்காமல் இருக்க வேண்டும். இதற்கே தரமான தீவனம் ஏறத்தாழ இரண்டரை கிலோ செலவாகிவிடும். இது தண்ணீரைக் கழித்த உலர் எடைக் கணக்கு. பசும்புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான் என்பதால், கூடையின் கனத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது.

அந்த இரண்டரை கிலோவுக்கு மேல் தின்பதுதான் எடையாக மாறும். ஐந்து கிலோ தின்றால் ஒரு நாளைக்கு 800 கிராம் போல ஏறும். சரி, செலவைக் குறைக்கலாம் என்று மூன்றரை கிலோ மட்டும் வைத்தால்? தீவனம் குறைந்தது 30 சதவீதம். எடையேற்றமோ 350 கிராமுக்கு, அதாவது பாதிக்கும் கீழே விழுந்துவிடும். உயிர் ஓடத் தேவையான பங்கில் உடம்பு கை வைக்காது. வெட்டு முழுவதும் வளர்ச்சியின் தலையில்தான் விழும்.

இதையே 100 கிலோ ஏற்றும் கணக்காகப் போட்டுப் பாருங்கள். தாராளமாகத் தின்ற கன்றுக்கு 125 நாள், 625 கிலோ தீவனம். அரைவயிற்றுக் கன்றுக்கு 285 நாளுக்கு மேல், தீவனமும் 1,000 கிலோ. சிக்கனம் பண்ணியவர்தான் அதிகம் செலவழிக்கிறார்! வளர வளர உயிரோட்டச் செலவும் கூடும். அதைச் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிதாகும்.

விலை மலிவு என்று வைக்கோலை மட்டும் குவித்தாலும் இதே கதைதான். நார் மிகுந்த தீவனம் பெருவயிற்றில், அதாவது மாட்டின் வயிற்று அறைகளில் பெரியதில், மெதுவாகத்தான் கரையும். உள்ளே இருப்பது நகராதவரை கன்றால் மேற்கொண்டு தின்ன முடியாது. வயிறு நிறைந்திருக்கும், சத்து போதாது. அதனால் மூட்டை விலையைவிட, ஒரு கிலோ எடை ஏற என்ன செலவாகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இளங்கன்றுக்கு இன்னொரு சாதகம் உண்டு. அதன் உடம்பில் பெரும்பாலும் ஏறுவது தசை. தசையில் முக்கால் பங்கு தண்ணீர். கொழுப்புத் திசுவில் தண்ணீர் கொஞ்சம்தான். ஒரு கிலோ கொழுப்பு சேர, ஒரு கிலோ தசையில் இருப்பதைப்போல ஆறேழு மடங்கு ஆற்றல் அதில் அடைபட வேண்டும். வயது ஏறி உடம்பில் கொழுப்பு படியத் தொடங்கினால், அதே ஒரு கிலோவுக்குத் தீவனம் அதிகமாகப் பிடிப்பது இதனால்தான்.

அதற்காக ஒரே நாளில் தானியம் போன்ற அடர்தீவனத்தை அள்ளி வைத்துவிடக் கூடாது. மாவுச்சத்து வேகமாகப் புளித்து, பெருவயிற்றில் அமிலம் ஏறி, கன்று தொட்டிப் பக்கமே வராது. இரண்டு வாரம் போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் அங்குள்ள நுண்ணுயிர்கள் பழகிக்கொள்ளும்.

அப்புறம், எடை பார்ப்பதென்றால் காலையில் தீவனம் வைப்பதற்கு முன்பு, எப்போதும் அதே நேரத்தில் பாருங்கள். வயிற்றில் கிடக்கும் தீவனமும் தண்ணீருமே பல கிலோ கூட்டிக் காட்டிவிடும்.